அப்பா எடுத்த கூத்து வீடியோ 4 டிபி இருக்கு, உள்ள இருக்கற காட்சியத் தேட வழி இருக்கா?

பென்னாகரத்தான்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் தருமபுரி பக்கம். அப்பா ரொம்ப வருஷமா ஸ்டூடியோ வெச்சிருந்தாரு, கல்யாணம் காதுகுத்து எல்லாம் பொழப்புக்கு, மனசு பூரா கூத்துலதான். பென்னாகரம், பாப்பாரப்பட்டி, பாலக்கோடு, இந்தப் பக்கம் காரிமங்கலம் வரைக்கும் எங்க பாரதக் கூத்து நடந்தாலும் கேமராவத் தூக்கிட்டுக் கெளம்பிடுவாரு. முன்ன விஹெச்எஸ், அப்புறம் மினி டிவி டேப்பு. பழைய கேம்கார்டர் ஒண்ணப் புடிச்சு எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்கு ஏத்தி முடிச்சாச்சு, மொத்தம் 4 டிபி கிட்ட வருது. இப்ப பிரச்சனை என்னன்னா ஃபைல் பேரு எல்லாம் "டேப் 17", "டேப் 18 கூத்து", "டேப் 19 கூத்து மீதி சீமந்தம்" இப்படி. ஒரே டேப்புல பாதி கூத்து, மீதி யார் வீட்டு விசேஷமோ.

ஒரு ஆராய்ச்சி மாணவி அர்ச்சுனன் தபசு காட்சி மட்டும் இருந்தா குடுங்கன்னு கேக்கறாங்க, தபசு மரம் ஏறுறது, மேல இருந்து எலுமிச்சம்பழம் போடறது இதெல்லாம். அப்புறம் கட்டியக்காரன் (கூத்துல வர்ற கோமாளி) வேஷம் கட்டற பெரியவர் ஒருத்தர் எறந்துட்டாரு, அவரு பையன் வந்து "எங்கப்பா ஆடுனது எதாவது இருக்கா"ன்னு கேட்டுட்டுப் போனாரு. எருது விடற விழா எடுத்ததும் எங்கயோ இருக்கு, அதுவும் வேணும்.

நெட்ல ஒரு சைட்டுல சின்ன பீஸ் ஏத்திப் பாத்தேன், தானா டேக் போடுதுன்னாங்க. பாரதம் முடியற படுகளக் காட்சில துரியோதனன் படுத்திருக்கான், அது போட்ட டேக்கு "கூட்டம், வெளிப்புறம், உடை, பார்ட்டி". பார்ட்டியாம்.

4 டிபிய நெட்ல ஏத்த முடியாது, ஏத்தவும் இஷ்டம் இல்ல, அடுத்தவங்க வீட்டுக் கல்யாணம் எல்லாம் உள்ள கெடக்கு. வீட்டுல பழைய டெஸ்க்டாப், 6 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கு. தமிழ்ல டைப் பண்ணித் தேடற மாதிரி, ஆஃப்லைன்ல, எதாவது உண்டா?


ஓசூர் கோடர்:

அந்த சைட்டு பண்றது கான்செப்ட் டிடெக்ஷன். முன்கூட்டியே ஒரு லிஸ்ட் வெச்சிருப்பாங்க, கார், நாய், கூட்டம், கடற்கரைன்னு. லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொண்ணுக்கும் ஒரு டிடெக்டர். வீடியோவ ஷாட் ஷாட்டா வெட்டி, ஷாட்டுக்கு ஒரு படம் எடுத்து, "இதுல நாய் இருக்க எவ்ளோ வாய்ப்பு"ன்னு மார்க் போடும். நீங்க நாய்னு தேடுனா மார்க் வரிசைல எடுத்து வைக்கும், அவ்ளோதான் விஷயம். லிஸ்ட்ல இல்லாதது அதுக்கு உலகத்துலயே இல்ல.

இது இன்னிக்கு நேத்து வந்ததும் இல்ல. அமெரிக்காவுல என்ஐஎஸ்டின்னு ஒரு அரசு நிறுவனம், 2001ல அவங்க நடத்தற ட்ரெக்குங்கற தேடல் போட்டில வீடியோவுக்குன்னு ஒரு பிரிவு ஆரம்பிச்சாங்க, 2003ல இருந்து அது ட்ரெக்விட்னு தனிப் போட்டியாவே நடக்குது. தனியா நடக்க ஆரம்பிச்ச மொத சில வருஷம் அங்க பயிற்சிக்குக் குடுத்தது பெரும்பாலும் டிவி நியூஸ். அந்த நியூஸ வெச்சுதான் 2006ல ஆம்ஸ்டர்டாம் யுனிவர்சிட்டிக்காரங்க மீடியாமில்னு 101 கான்செப்ட் லிஸ்ட் வெளியிட்டாங்க. அதுல என்ன இருக்கும்னு நெனைக்கறீங்க, நியூஸ் வாசிக்கறவர், வானிலை, கோர்ட், புஷ், கிளிண்டன், அராபத். அதே சமயத்துல எல்எஸ்காம்னு இன்னொரு பெரிய முயற்சி, ஆயிரம் கான்செப்ட் கிட்ட யோசிச்சு வெச்சாங்க, அதுல 449க்கு ஆளுங்கள உக்கார வெச்சு ஷாட் ஷாட்டாப் பாத்துக் குறிச்சாங்க. எவ்ளோ கூலி ஆகியிருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

அப்பல்லாம் உள்ள ஓடுனது கலரு, டெக்ஸ்ச்சரு, சிஃப்ட்னு சொல்ற மூலை முடுக்குப் புள்ளிங்க, இதையெல்லாம் எண்ணி எஸ்விஎம்ங்கற கணக்கு முறைல போட்டு ஆமா இல்லன்னு பிரிக்கறது. 2012க்கு அப்புறம் டீப் லேர்னிங் வந்து பார்வை நல்லாத் தெளிஞ்சுச்சு, ஆனா லிஸ்ட் அடுத்தவன் போட்டதாவேதான் இருந்துச்சு. எல்லாரும் ஓட்டுன இமேஜ்நெட் போட்டில 1000 வகை, அதுல நாய் இனம் மட்டுமே நூத்துக்கு மேல. நம்ம ஊரு பரிசலுக்கு இடம் கெடைக்காத லிஸ்ட்ல தபசு மரத்துக்கு எங்க போறது. அதனால அந்த சைட்டு மேல கோவப்படாதீங்க, அதுக்குத் தெரிஞ்ச கூட்டம் பார்ட்டிக் கூட்டம்தான்.

இப்ப நிலைமை மாறிடுச்சு, லிஸ்ட்டே இல்லாம வாக்கியமா எழுதித் தேடலாம். செய்முறைய யாராவது எழுதுங்கப்பா, எனக்கு ஷிஃப்டுக்கு டைம் ஆச்சு.


தகடூர் தம்பி:

அண்ணா இம்மிச் போடுங்க. ஃப்ரீ, வீட்டு கம்ப்யூட்டர்லயே ஓடும், கூகுள் போட்டோஸ் மாதிரியே இருக்கும், "நாய்"னு தேடுனா நாய் வரும், மூஞ்சி வெச்சும் பிரிச்சுக் குடுக்கும். எங்க வீட்டுல அதுதான் ஓடுது.


மாங்கா மண்டி:

தம்பி சொல்ற இம்மிச் போட்டோவுக்கு அருமை, நானும் வெச்சிருக்கேன். ஆனா வீடியோவுக்கு அது ஒரே ஒரு தம்ப்நெயில் படத்தைத்தான் பாக்கும். கல்யாணத்துல எடுத்த பத்து செகண்ட் வீடியோவுக்கு அது போதும், இவருகிட்ட இருக்கறது ஒரு மணி நேர டேப்பு, மொத ஃப்ரேம்ல திரைச்சீலையும் மைக்கும்தான் இருக்கும், டேப்பு பூரா திரைச்சீலைன்னு முடிவு பண்ணிடும். இவருக்கு டேப்புக்குள்ள எந்த நிமிஷம்னு வேணும்.

பென்னாகரத்தான் சார், கணக்கப் பாத்துடலாம். மினி டிவி ஒரு மணி நேரம் 13 ஜிபி வரும், அப்ப உங்க 4 டிபி ஏறக்கொறைய 300 மணி நேரம். செகண்டுக்கு 25 ஃப்ரேம்னா மணிக்கு 90,000, மொத்தம் 2 கோடியே 70 லட்சம் ஃப்ரேம். அத்தனையும் பாக்கத் தேவையில்ல. வழக்கமா எல்லாரும் ஷாட் பவுண்டரி டிடெக்ஷன் பண்ணச் சொல்லுவாங்க, பக்கத்துப் பக்கத்து ஃப்ரேம்ல கலர் திடீர்னு மாறுனா அங்க வெட்டு, அப்புறம் ஷாட்டுக்கு ஒரு படம். உங்க மேட்டருக்கு இது வேலைக்கு ஆகாது. கூத்து எடுக்கறவர் ஸ்டாண்டுல கேமராவ நிறுத்திட்டு விடிய விடிய ஒரே ஷாட்டா எடுத்திருப்பாரு, டேப்பு மாத்தும்போதுதான் வெட்டே இருக்கும். நேர் எதிரா கல்யாண கேசட்ல மிக்சர்ல பூ சுத்தறது, இதயம் விரியறது, மாப்பிள்ளை மூஞ்சி ஆப்பிளுக்குள்ள போறதுன்னு எஃபெக்ட் போட்டுத் தள்ளியிருப்பாங்க, அதுல ஷாட் டிடெக்டருக்குக் கிறுக்குப் புடிச்சிடும். அதனால ரெண்டு செகண்டுக்கு ஒரு படம்னு கண்ண மூடிட்டு எடுங்க. மணிக்கு 1800 படம், மொத்தம் 5,40,000 வரும், எஃப்எஃப்எம்பெக்னு ஒரு ஃப்ரீ டூல் ஒரே கமாண்டுல எடுத்துக் குடுத்துடும். டேப்புல இருந்து வந்தது இன்டர்லேஸ்டா இருக்கும், கை கால் ஆடற எடத்துல சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடாத் தெரியும், அதே டூல்ல இருக்கற யாடிஃப் ஃபில்டர் போட்டு அதை எடுத்துட்டுப் படமாக்குங்க, இல்லன்னா ஆடறவர் எல்லாம் கலங்கலா வருவாரு, மாடலும் தடுமாறும்.

அடுத்தது க்ளிப் மாடல். ஓப்பன்ஏஐ 2021 ஜனவரில வெளியிட்டது. நெட்ல இருந்து படமும் அதுக்குக் கீழ எழுதியிருந்த வரியுமா 40 கோடி ஜோடி எடுத்து, படத்தையும் வரியையும் ஒரே எடத்துல புள்ளியா வைக்கக் கத்துக் குடுத்திருக்காங்க. அதுல சின்ன மாடல்ல ஒவ்வொரு படமும் 512 எண்ணா மாறும், நீங்க டைப் பண்ற வரியும் 512 எண்ணா மாறும், எது எதுக்குக் கிட்டக்க இருக்கோ அதை மேல காட்டும். லிஸ்ட்டுன்னு ஒண்ணும் கெடையாது. ஒரு படத்துக்கு 2 கேபி, உங்க மொத்த கலெக்ஷனும் 1.1 ஜிபிக்குள்ள அடங்கிடும். இதுக்கு 6 ஜிபி கார்டு தாராளம். கார்டு சும்மா இருக்கும், பழைய டேப் ஃபைல டீகோட் பண்றதுலதான் நேரம் போகும், ராத்திரில ஓட விட்டுட்டுத் தூங்கப் போங்க, யூபிஎஸ் கட்டாயம். ஃபைஸ் அது இதுன்னு வெக்டர் டேட்டாபேஸ் போடச் சொல்லுவாங்க, அஞ்சரை லட்சத்துக்கு அதெல்லாம் வேண்டாம், பைத்தான்ல இருக்கற நம்பைல நேராப் பெருக்குனாலே ஒரு செகண்டு கூட ஆகாது.

தமிழ் கேட்டீங்க. மொதல்ல வந்த க்ளிப்புக்கு இங்கிலீஷ்தான் உருப்படியாத் தெரியும். என்எல்எல்பி க்ளிப்னு ஒண்ணு 200 மொழிக்கு மேல எடுத்துக்கும், அதுல தமிழும் உண்டு, கூகுளோட சிக்லிப் 2வும் பல மொழில வேலை செய்யும். மாடு, மரம், கல்யாண மேடைன்னா தமிழ்லயே வரும். "தபசு மரம்"னு அடிச்சா தபசு அதுக்கு என்ன தெரியும், வெறும் மரம்தான் வரும், புளியமரம் வேப்பமரம் எல்லாம் வரிசையா வந்து நிக்கும். கண்ணுக்கு என்ன தெரியுதோ அதை எழுதுங்க, "ராத்திரில உயரமான கம்பத்துல ஏறுற ஆளு, கீழ கூட்டம்"னு. மார்க் 0.3ஐத் தாண்டறதே அபூர்வமா இருக்கும், பயந்துடாதீங்க, அது சதவீதம் இல்ல, எது மேல எது கீழன்னு வரிசை மட்டும்தான் முக்கியம்.


பென்னாகரத்தான்:

மாங்கா மண்டி அண்ணா ரொம்ப நன்றி. மாமா பையன் காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்கறான், அவன உக்கார வெச்சு மொதல்ல கொஞ்சம் டேப்புக்கு மட்டும் ஓட்டிப் பாத்தோம். வாய் பொளந்துட்டேன் சில எடத்துல. "மஞ்சள் தண்ணி ஊத்தறது"ன்னு போட்டா சீமந்தம், மஞ்சள் நீராட்டு எல்லாம் கொட்டுது. "பரிசல்"னு போட்டா ஒகேனக்கல்ல எங்க அம்மாவே பரிசல்ல உக்காந்திருக்காங்க, அப்படி ஒண்ணு இருக்கறதே வீட்டுல யாருக்கும் ஞாபகம் இல்ல.

கம்பம் ஏறுறதுன்னு தேடுனதுல மொதல்ல வந்ததெல்லாம் சீரியல் பல்பு கட்டற எலக்ட்ரீஷியன். அப்புறம் ட்யூப் லைட் கட்டுன சவுக்குக் கம்பம், கோயில் கொடிமரம், மைக் செட்காரன் மரத்துல குழாய் ரேடியோ கட்டறது. நாப்பது அம்பது தாண்டித்தான் தபசு வருது. வந்தது நெஜமாவே தபசுதான், ஆனா எறங்குறது ஏறுறது ரெண்டும் அதுக்கு ஒண்ணாத் தெரியுது. எருதுக்குத் தேடுனா சந்தையில கட்டியிருக்கற மாடு, மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்குப் பெயிண்ட் அடிக்கறது எல்லாம் வருது, ஓடற எருது நடுவுல எங்கயோ. கட்டியக்காரன் சுத்தமா இல்ல, கோமாளின்னு போட்டா ஒரு பர்த்டே பார்ட்டில வந்த ஜோக்கர் வர்றான்.

அடுத்து என்ன பண்ணலாம்?


ஊத்தங்கரை அக்கா:

இது என் வேலைக்குப் பக்கத்துல இருக்கற விஷயம், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

உங்களுக்குக் கெடச்ச ரிசல்ட் நல்ல ரிசல்ட்டு. இத்தனை டேப்புல எங்கயோ கெடந்தது இப்ப முதல் நூறு படத்துக்குள்ள வந்துடுச்சுன்னா பாதிக் கெணறு தாண்டியாச்சு. இனிமே வார்த்தையை மாத்தி மாத்தி எழுதிட்டு இருக்காதீங்க. பொதுவான மாடலுக்குக் கட்டியக்காரன் தெரியாது, நீங்க எவ்ளோ அழகா வர்ணிச்சாலும் தெரியாது, அது படிச்ச 40 கோடிப் படத்துல நம்ம ஊரு ராத்திரிக் கூத்து எவ்ளோ இருந்திருக்கப் போகுது. உங்க கான்செப்ட்ட நீங்களே பண்ணிக்கணும். இது ஓசூர் கோடர் சொன்ன பழைய டிடெக்டர் வழிதான், ஆனா இப்ப ரொம்ப மலிவு, ஏன்னா பார்வைய க்ளிப் ஏற்கனவே குடுத்துடுச்சு, நீங்க 512 எண்ணுக்கு மேல ஒரு சின்ன லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் (ஆமா இல்லன்னு பிரிக்கற கணக்கு) போட்டாப் போதும், சாதா சிபியூல கண்ணிமைக்கற நேரத்துல முடிஞ்சிடும்.

கட்டியக்காரன் நல்லாத் தெரியற படம் ஒரு முப்பது நாப்பது எடுங்க. வேற வேற ஊரு, வேற வேற ஜமா (கூத்துக் குழு), வேற வேற வெளிச்சம், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல ஒண்ணு, ட்யூப் லைட்ல ஒண்ணு. அப்புறம் இல்லாத படம் ஒரு ஐநூறு குருட்டாம்போக்குல எடுங்க. ட்ரெயின் பண்ணி மொத்தத்துக்கும் மார்க் போட்டு, முதல் நூறப் பாத்து, சரி எது தப்பு எதுன்னு டிக் அடிங்க. தப்பா மேல வந்ததுதான் தங்கம். எலக்ட்ரீஷியன், ஜோக்கர், கொம்புக்குப் பெயிண்ட் அடிக்கறவர், எல்லாத்தையும் இல்லாத பக்கம் சேத்து மறுபடி ட்ரெயின் பண்ணுங்க. இப்படிச் செஞ்சா சீக்கிரமே எலக்ட்ரீஷியன் காணாமப் போயிடுவாரு.

முக்கியமான ஒண்ணு, இதுல நெறைய பேரு ஏமாந்து போறாங்க. எவ்ளோ சரியா வருதுன்னு டெஸ்ட் பண்ணும்போது படத்தைக் கலைச்சுப் போட்டுப் பாதி ட்ரெயினிங் பாதி டெஸ்ட்னு பிரிக்காதீங்க. ரெண்டு செகண்டு தள்ளி எடுத்த படம் ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு, அது ஒண்ணு இந்தப் பக்கமும் ஒண்ணு அந்தப் பக்கமும் போனா 99 சதவீதம்னு காட்டும், அப்புறம் புது டேப்பு போட்டா பல்ல இளிக்கும். டேப்பு டேப்பாப் பிரிங்க. இன்னும் நல்லா வேணும்னா ஊரு ஊராப் பிரிங்க, ஏன்னா அது கட்டியக்காரனக் கத்துக்காம அந்த ஊரு பந்தல் துணியோட கலரக் கத்துட்டு இருக்கும், நமக்குத் தெரியவே தெரியாது.

ஏறுறதா எறங்குறதாங்கறது ஒரு படத்துல இல்லாத தகவல், மாடலக் குத்தம் சொல்லி லாபம் இல்ல. சுலபமான வழி, நேர வரிசையச் சேத்துக்கறது. தபசுல ஆளு மேல போனப்புறம்தான் பழமும் விபூதியும் கீழ வரும், கீழ பொம்பளைங்க முந்தானைய விரிச்சு ஏந்துவாங்க. "கம்பத்துல ஆளு" நல்ல மார்க்கோட வந்து, அதுக்கு அப்புறம் கொஞ்ச நேரத்துக்குள்ள "கைய மேல தூக்கி நிக்கற கூட்டம்" வந்துச்சுன்னா அந்த எடத்தை மேல தூக்குங்க, எலக்ட்ரீஷியன் மேல ஏறுனா யாரும் முந்தானைய விரிக்க மாட்டாங்க. வீடியோ ப்ரவுசர் ஷோடவுன்னு 2012ல இருந்து ஒரு போட்டி நடக்குது, ஒரு காட்சியைத் திரையில காட்டி, ஆயிரம் மணி நேரத்துக்கு மேல இருக்கற கலெக்ஷன்ல அது எங்க இருக்குன்னு சில நிமிஷத்துல கண்டுபுடிக்கச் சொல்லுவாங்க. அங்க கலந்துக்கற சாஃப்ட்வேர்ல பலதுல இந்த "மொதல்ல இது, அப்புறம் அது" வசதி இருக்கு. அங்க இன்னொண்ணும் தெரிஞ்சுச்சு, மாடல் மட்டும் ஜெயிக்கறதில்ல, உக்காந்திருக்கற மனுஷன் வேகமாப் பாக்கற மாதிரி திரை இருக்கணும். அதனால ரிசல்ட்டு ஒவ்வொண்ணுக்கும் முன்ன பின்ன அஞ்சாறு படத்தையும் பக்கத்துலயே வரிசையாக் காட்டச் சொல்லி உங்க மாமா பையன்கிட்ட சொல்லுங்க, கிளிக் பண்ணித் தெறந்து பாக்கற நேரம் மிச்சம்.

அந்தப் பெரியவர் விஷயம். மூஞ்சி அடையாளம் கண்டுபுடிக்கற மாடல் அரிதாரத்துக்கு முன்னாடி தோத்துப் போயிடும், அதுலயும் கட்டியக்காரன் மூஞ்சில புள்ளியும் கோடும் எழுதியிருப்பாங்க. வேஷம் இல்லாத நேரத்தைத் தேடுங்க. கூத்து முடிஞ்சு விடிகாலைல துண்டு போத்தி மரியாதை பண்ணுவாங்க இல்ல, அப்ப பாதி கலைச்ச மூஞ்சியோட நிப்பாங்க. அவரு பையன்கிட்ட நாலஞ்சு போட்டோ வாங்கி மூஞ்சித் தேடலுக்குக் குடுங்க. அதுல எந்த டேப்புன்னு கெடச்சுட்டா, அந்த டேப்புல கட்டியக்காரன் வர்ற எடத்தை நம்ம டிடெக்டர் குடுத்துடும், ரெண்டையும் சேத்தாப் போதும். மத்த கல்யாண டேப்புக்கெல்லாம் மூஞ்சித் தேடல ஓட்டாதீங்க, ஊரு மூஞ்சியெல்லாம் பேரு போட்டு அடுக்கி வெக்கறது நமக்குத் தேவையில்லாத வேலை.


கூத்துப் பைத்தியம்:

எனக்கு கம்ப்யூட்டர் அவ்வளவாத் தெரியாது, கூத்து தெரியும். நீங்க எல்லாரும் கண்ணால மட்டும் தேடறீங்க, கூத்துல பாதி காதுலதான் இருக்கு.

தபசு பெரும்பாலும் ராத்திரிக் கூத்துல வரும், மரம் ஏறுறதுக்குள்ள விடியற நேரம் ஆயிடும், வானம் வெளுக்க ஆரம்பிச்சிருக்கும். படுகளம் பகல்ல, பாரதம் முடியற அன்னிக்கு. அப்ப டேப்பு எடுத்த நேரம் தெரிஞ்சா முக்கால்வாசி டேப்ப ஒதுக்கிடலாமே, 300 மணி நேரத்தையும் ஏன் பொரட்டணும்? ஒரு பாரதத்துக்குப் பதினெட்டு நாளுன்னா (எல்லா ஊர்லயும் அத்தனை நாள் கூத்து வைக்க மாட்டாங்க, அது வேற விஷயம்) எந்த நாளு எந்தக் கூத்துன்னு வரிசை இருக்கு. ஒரு டேப்புல திரௌபதி கல்யாணத்துக்கு வில்ல வளைக்கற வில்வளைப்புன்னு தெரிஞ்சா தபசு அதுக்குப் பின்னாடி இருக்கற டேப்புலதான் இருக்கும், முன்னாடி தேட வேண்டியதே இல்ல.

இன்னொண்ணு. நடுநடுவுல கூத்த நிறுத்திட்டு அன்பளிப்பு சொல்லுவாங்க, "இன்ன ஊரு இன்னாரு நூத்தியொரு ரூபா"ன்னு கட்டியக்காரனே கத்துவான். ஊரு பேரு தெரியணும்னா அதுதான் வழி. அதை எழுத்தா மாத்த முடியாதா?


மாங்கா மண்டி:

ஐயா, கூத்துப் பைத்தியம் ஐயா, உங்க போஸ்ட்டுக்கு முன்னாடி நான் எழுதுனதெல்லாம் ஒண்ணுமில்ல.

நேரம் விஷயம் பொன்னான விஷயம். மினி டிவி டேப்புல ஒவ்வொரு ஃப்ரேமோடயும் எடுத்த தேதியும் மணியும் ஒளிஞ்சிருக்கும், கேமராவுல தேதி சரியா வெச்சிருந்தா. ஃபயர்வயர் கேபிள்ல அப்படியே ரா டிவி ஃபைலா ஏத்தியிருந்தா அந்தத் தகவல் இன்னும் ஃபைலுக்குள்ளயே இருக்கு, மீடியாஇன்ஃபோங்கற சாஃப்ட்வேர்ல தெறந்தா எடுத்த தேதி காட்டும், டிவிரெஸ்க்யூன்னு ஒரு டூல் எங்க எங்க கேமராவ நிறுத்தி மறுபடி ஆன் பண்ணாருன்னு கூட எடுத்துக் குடுக்கும். கூத்து மீதி எங்க முடியுது, சீமந்தம் எங்க ஆரம்பிக்குதுன்னு மாடல் எதுவும் இல்லாமயே தெரிஞ்சிடும். எம்பி4 ஆக்கிட்டா அது போயிடும். சார், நீங்க எப்படி ஏத்துனீங்க? டேப்ப மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க. விஹெச்எஸ்ல இந்த வசதி கெடையாது, ஆனா மூலைல தேதி எரிஞ்சிருந்தா அந்த மூலைய மட்டும் வெட்டி ஓசிஆர் (படத்துல இருக்கற எழுத்தப் படிக்கறது) பண்ணலாம், வெறும் நம்பர்தான், நல்லாவே படிக்கும்.

பேச்சை எழுத்தாக்கறதுக்கு விஸ்பர் இருக்கு, அதுவும் ஓப்பன்ஏஐதான், 2022ல வந்தது, 6,80,000 மணி நேர ஆடியோல பழக்குனது, தமிழ் எடுக்கும். ஐஐடி மெட்ராஸ் ஏஐ4பாரத் வெளியிட்டிருக்கற தமிழ் மாடலையும் ஓட்டிப் பாருங்க, இந்திய மொழிக்குன்னே பண்ணது. ஆனா பாட்டு மேல ஓட்டாதீங்க. முகவீணையும் மிருதங்கமும் பின்பாட்டும் குழாய் ரேடியோ இரைச்சலும் சேந்தா விஸ்பர் சொந்தமாக் கதை கட்டும், ஒரே வரிய இருவது தடவ எழுதும், சில நேரம் யூட்யூப் சேனல்காரன் மாதிரி நன்றி வணக்கம்னு எழுதி வைக்கும். அன்பளிப்பு சொல்ற எடத்துல வாத்தியம் நின்னுடும், அதனால சத்தத்துல இசை இல்லாத பகுதிய மொதல்ல பிரிச்சுட்டு அதுக்கு மட்டும் ஓட்டுங்க. ஆளு பேரெல்லாம் தப்பாத்தான் வரும். ஊரு பேருக்கு ஒரு வழி இருக்கு, தருமபுரி கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்ட கிராமப் பேரு பட்டியல எடுத்து வெச்சுக்கிட்டு எது கிட்டக்க ஒலிக்குதோ அதைப் பொருத்துங்க. பாப்பாரப்பட்டியைப் பாப்பரபட்டின்னு எழுதுனாலும் புடிச்சிடும்.


பென்னாகரத்தான்:

அண்ணா, மினி டிவி எல்லாம் ஃபயர்வயர்லதான் ஏத்துனேன், ரா ஃபைல் அப்படியே இருக்கு. மீடியாஇன்ஃபோல பாத்தேன், தேதி வருது! ஒரு சில டேப்புல மட்டும் 1998 ஜனவரி 1னு காட்டுது, கேமரா பேட்டரி எறங்கி தேதி ரீசெட் ஆயிருக்கும் போல, அதைத் தனியா ஒதுக்கிட்டோம். தேதி வெச்சு அடுக்குனதுமே பாரதம் எது எதுன்னு கட்டு கட்டாப் பிரிஞ்சிடுச்சு, விடியற நேரத்துல எடுத்த பகுதிய மட்டும் எடுத்து அக்கா சொன்ன மாதிரி தபசுக்கு ட்ரெயின் பண்ணோம், இப்ப மேல வர்றதுல பெரும்பாலும் தபசுதான். எலக்ட்ரீஷியன் போயிட்டாரு. ஒரே ஒரு தென்னைமரம் ஏறுறவர் மட்டும் விடாம வர்றாரு, அவரையும் இல்லாத பக்கம் போட்டாச்சு.

கட்டியக்காரன் இன்னும் சுமார்தான். ஒவ்வொரு ஜமாவும் ஒவ்வொரு மாதிரி கட்டறாங்க, சிலர் கோமாளித் தொப்பி, சிலர் வெறும் தலப்பாக்கட்டு. அக்கா, இதை ஒரே கான்செப்டா வெக்கறதா ரெண்டாப் பிரிக்கறதா? எருது விடற விழாவுக்கும் ஒரு யோசனை சொல்லுங்க.


ஊத்தங்கரை அக்கா:

பிரிங்க. தொப்பி ஒண்ணு, தலப்பாக்கட்டு ஒண்ணு, தனித்தனியா ட்ரெயின் பண்ணிட்டு ரெண்டுல எது பெரிய மார்க்கோ அதை எடுத்துக்கோங்க. ஒரே பேருல இருந்தாலும் கண்ணுக்கு வேறயாத் தெரியறத ஒண்ணாப் போட்டுக் கொழப்புனா ஒரு கோட்டால ரெண்டையும் பிரிச்சு நிறுத்த முடியாது.

எருதுக்கு மாட்டத் தேடாதீங்க, எடத்தைத் தேடுங்க. ரெண்டு பக்கமும் மூங்கில் தடுப்பு கட்டுன தெரு, தடுப்பு மேல ஏறி உக்காந்திருக்கற ஜனம், நடுவுல காலி வழி. மாடு அதுல ஒரு செகண்டுதான் தெரியும், ரெண்டு செகண்டுக்கு ஒரு படம் எடுத்தா தவறியே போகும். தெருவும் தடுப்பும் மணிக்கணக்கா அப்படியே நிக்கும். அந்தப் பகுதி கெடச்சதும் அதுக்கு மட்டும் செகண்டுக்கு அஞ்சு படம்னு திரும்ப எடுங்க, ஓடற எருது எல்லாம் தெளிவா வந்துடும்.

டிக் அடிச்ச பட்டியலப் பத்திரமா வைங்க. டேப்பு பேரு, எத்தனாவது செகண்டு, என்ன கான்செப்ட், யாரு டிக் அடிச்சாங்க, நாலு காலம் போதும், சாதா சிஎஸ்வி ஃபைல். நாளைக்கு க்ளிப்ப விட நல்ல மாடல் வந்தா 512 எண்ணையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு மறுபடி ஓட்டிக்கலாம், டிக்கு மட்டும் மறுபடி கெடைக்காது.


கூத்துப் பைத்தியம்:

தம்பி, காவேரிப்பட்டணம் பக்கம் உங்கப்பா எடுத்தது எதாவது வருதா? கர்ண மோட்சம் இருந்தா சொல்லுங்க, பொன்னுருவி வேஷம் கட்டுனவரு எனக்கு வேண்டப்பட்டவரு.


பென்னாகரத்தான்:

காவேரிப்பட்டணம்னு லேபிள் போட்ட டேப்பு ரெண்டு இருக்குங்க ஐயா, ரெண்டும் விஹெச்எஸ், தேதி எரியல. கர்ண மோட்சம் எப்படி இருக்கும்னு கண்ணுக்குத் தெரியற அடையாளம் நாலு சொல்லுங்க, இன்னிக்கு ராத்திரியே ஓட்டிப் பாத்துடறேன்.